நாய்க்குட்டியின் தாய்வீடு

தமிழகத்தை விட்டுத் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம்மவர் குடும்பங்கள் பலவற்றில், பிள்ளைகளுள் ஒருவரேனும் கடல் கடந்து குடியேறியிருப்பது இன்று இயல்பாகிவிட்டது. இங்கிலாந்திலிருந்து மகனோ மகளோ பேசும்போது, "குழந்தைகள் நாய்க்குட்டி வேண்டுமென்று அடம்பிடிக்கிறார்கள், வாங்கலாமென்று இருக்கிறோம்" என்று சொல்வதுண்டு. உடனே நாம், "என்ன இனம்? என்ன விலை?" என்று வினவுகிறோம். இவ்விரு வினாக்களும் வேண்டியவையே. எனினும் இவற்றிற்கு முன்னர்க் கேட்க வேண்டிய வினா ஒன்று உண்டு. "அந்தக் குட்டி பிறந்து வளர்ந்த வீட்டை நேரில் பார்த்தீர்களா?" என்பதே அது.

அங்குக் குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒன்றின் அனுபவத்தை நாம் அறிவோம். இணைய விளம்பரத்தில் ஒரு குட்டியின் படம் அவர்கள் மனத்தைக் கவர்ந்தது. விற்பவரோ, "நீங்கள் அவ்வளவு தொலைவு வர வேண்டா, நெடுஞ்சாலையோரத்து உணவு விடுதியில் கொண்டுவந்து தருகிறேன்" என்றார். அதனை உதவியென்றே அவர்கள் கருதினர். மூன்றாம் நாளே குட்டிக்குக் கழிச்சல் கண்டது. பெரும்பொருள் செலவிட்டு அதன் உயிரைக் காத்தனர். உடல் தேறிற்று, மனம் தேறவில்லை. வாயில் மணி ஒலித்தால் கட்டிலுக்கடியில் பதுங்கும். அயலார் குரல் கேட்டால் நடுங்கும். ஓராண்டு நிறைந்தபோது, அன்போடு கழுத்தைக் கட்டிக்கொள்ள வந்த ஆறு வயதுச் சிறுமியின் கன்னத்தைக் கடித்துவிட்டது. அதன் பின்னர் அந்த வீட்டில் அதற்கு இடமில்லாது போயிற்று. சிறுமிக்குத் தழும்பும் நாய்க்குத் தனிமையும் மிஞ்சின.

குற்றம் யாருடையது? நாய் பொல்லாதது என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அறிவியல் வேறு விடை தருகிறது.

அமெரிக்காவில் மெயின் மாநிலத்தைச் சேர்ந்த பார் ஹார்பர் என்னும் ஊரிலுள்ள ஜாக்சன் ஆய்வுக்கூடத்தில், ஸ்காட், ஃபுல்லர் என்னும் இரு அறிஞர்கள் ஐந்து இன நாய்களைப் பல்லாண்டுகள் ஆராய்ந்து, 1965-ஆம் ஆண்டில் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டனர். அதே ஆய்வுக்கூடத்தில் நடந்து 1961-இல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சியில், வேலியிட்ட வெளியில் மனிதரோடு பழக்கமின்றிக் குட்டிகளை வளர்த்தனர். வெவ்வேறு வயதில் சில குட்டிகளை ஒரு வாரம் மட்டும் மனிதரோடு பழகவிட்டனர். பதினான்கு வாரம் வரை மனிதரோடு பழகாதிருந்த குட்டிகளோ அச்சத்தால் விலகியே நின்றன; பின்னர் எவ்வளவு முயன்றும் அவை எளிதில் இணங்கவில்லை.

இதன் காரணம் யாது? நாய்க்குட்டி கண்மூடியே பிறக்கிறது. ஏறத்தாழ இரண்டு வாரத்தில் கண் திறக்கிறது. அதனையடுத்துச் செவி கேட்கத் தொடங்குகிறது. மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டு அல்லது பதினான்காம் வாரம் வரையுள்ள காலமே அது உலகைக் கற்றுக்கொள்ளும் பருவம். அப்பருவத்தின் தொடக்கத்தில் ஆவல் மிகுந்தும் அச்சம் குறைந்தும் இருக்கும். வாரங்கள் செல்லச்செல்ல அச்சம் வளரும். அந்நாட்களில் துன்பமின்றிக் கண்டு பழகியவற்றை வாழ்நாள் முழுதும் இயல்பானவையாகவே அது கொள்ளும். காணாதவற்றைக் கண்டு பின்னாளில் மிரளும். தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று நம் முன்னோர் மனிதரைப் பற்றிச் சொன்னது நாய்க்கும் முற்றும் பொருந்துகிறது.

குட்டி நம் வீட்டிற்கு வருவது எட்டாம் வாரத்தில் அல்லது அதற்குப் பிறகு. ஆகவே அந்தப் பருவத்தில் முதல் ஐந்து வாரங்கள் பிறர் கையில் கழிந்துவிடுகின்றன. பொறுப்புள்ள ஒருவர் அந்த ஐந்து வாரங்களையும் வீணாக்குவதில்லை. குட்டிகளைக் கொட்டகையில் அடைத்து வைக்காமல், வீட்டினுள்ளேயே வளர்க்கிறார். பாத்திரம் விழும் ஓசை, தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் இரைச்சல், தொலைபேசி மணி ஆகிய யாவும் அவற்றின் செவிக்குப் பழகிப்போகின்றன. ஆடவர், பெண்டிர், சிறுவர் எனப் பலரும் நாள்தோறும் அவற்றை மெல்லத் தொட்டுத் தூக்குகின்றனர். தாயும் உடன்பிறந்த குட்டிகளும் கற்பிக்கும் பாடமும் ஒன்றுண்டு. விளையாட்டில் ஒரு குட்டி வலிக்கக் கடித்தால் மற்றது கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்பதை இவ்வாறுதான் நாய் அறிகிறது. எட்டு வாரத்திற்கு முன் குட்டியைப் பிரித்தலாகாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இவ்வுண்மைகளை மதித்து இங்கிலாந்தில் சட்டங்கள் செய்துள்ளனர். 2016-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல், எட்டு வாரம் நிறைவதற்குள் குட்டியின் தோலுக்கடியில் நெல்மணியளவுள்ள மைக்ரோசிப் பொருத்த வேண்டும். அதன் பதிவில் முதல் உரிமையாளராக இருக்க வேண்டியவர் குட்டியைப் பெருக்கியவரே. 2018-இல் வந்த விதிகளின்படி, பன்னிரண்டு மாதத்தில் மூன்று ஈற்றுக்கு மேற்படவோ, மூன்று ஈற்றோ குட்டிகளைப் பெருக்கி விற்பவர் உள்ளாட்சி மன்றத்திடம் உரிமம் பெறுதல் வேண்டும். விளம்பரத்தில் உரிம எண் இருத்தல் வேண்டும். 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த சட்டத்தை மக்கள் 'லூசி சட்டம்' என்று வழங்குகின்றனர். வேல்ஸ் நாட்டுக் குட்டிப் பண்ணை ஒன்றில், ஈற்றுக்கு மேல் ஈற்றாகக் குட்டி போடவைக்கப்பட்டு, முதுகு வளைந்த நிலையில் 2013-இல் மீட்கப்பட்ட ஒரு சிறு பெண் நாயின் பெயரே லூசி. அச்சட்டத்தின்படி, ஆறு மாதத்திற்குட்பட்ட குட்டியை இடைத்தரகர் விற்கலாகாது. குட்டி பிறந்து வளர்ந்த இடத்திலேயே, தாயோடு சேர்த்து, வாங்குவோருக்குக் காட்டுதல் வேண்டும். உணவு விடுதியில் கைமாறிய குட்டி இச்சட்டத்திற்குப் புறம்பானது என்பதை நாம் முன்சொன்ன குடும்பம் பின்னரே அறிந்தது.

சட்டம் இருப்பினும் பார்ப்பது நம் கடமை. "தாயைத் தண்ணீர்த் துறையில் பார்த்தால் மகளை வீட்டில் போய்ப் பார்க்க வேண்டா" என்பது நம் பழமொழி. தாய் நாய் வந்தவரை அமைதியாக ஏற்கிறதா, அஞ்சி ஒளிகிறதா என்று நோக்குக. வேறொரு நாயைத் தாயென்று காட்டி ஏமாற்றுவாரும் உளர்; ஆகையால் அதன் முலைக்காம்புகளில் பாலூட்டிய அடையாளம் உண்டா, குட்டிகள் அதனை நாடிச் செல்கின்றனவா என்று கவனிக்க வேண்டும். "தாய் வெளியே போயிருக்கிறது" என்றால் மற்றொரு நாள் வருகிறோம் என்று திரும்பிவிடுதலே நன்று.

அடுத்து, பெற்றோரின் உடல்நலச் சான்றுகள். லாப்ரடார் போன்ற இனங்களில் இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாகத் தொடரக்கூடும். அங்கே இடுப்பின் எக்ஸ்ரே படத்தைக் கண்டு நிபுணர் மதிப்பெண் இடுகின்றனர். ஒவ்வொரு பக்கத்திற்கும் 53 வீதம், மொத்தம் 106. எண் குறையக் குறைய இடுப்பு நல்லது. 1873-இல் தோன்றிய கென்னல் கிளப்பில் குட்டி பதிவாகியிருந்தால் அதன் குலவழி தெரியும். அப்பதிவு ஒன்றே உடல்நலத்திற்கும் குணத்திற்கும் உறுதி ஆகாது.

நல்லவரை அறிய மற்றோர் அடையாளமும் உண்டு. நாம் அவரைக் கேட்பதினும் மிகுதியாக அவர் நம்மைக் கேட்பார். பகலில் வீட்டில் யார் இருப்பர்? குழந்தைகளின் வயது என்ன? விடுமுறையில் ஊருக்குப் போகும்போது நாயை யார் காப்பர்? இவ்வினாக்களைக் கண்டு நாம் மனம் வருந்துதல் கூடாது. பெண்ணைக் கொடுப்பவர் பிள்ளை வீட்டை விசாரிப்பது முறைதானே! எக்காரணத்தாலேனும் வளர்க்க இயலாமற்போனால் எந்நாளும் தாமே திரும்பப் பெற்றுக்கொள்வதாகவும் அவர் எழுதித் தருவார். அத்தகையவரிடம் குட்டிக்காகச் சில மாதங்கள் காத்திருக்க நேரலாம். பன்னிரண்டு ஆண்டு உடன் வாழப் போகும் உயிருக்காக ஆறு மாதம் காத்திருப்பது பெரிதன்று.

நம் நெஞ்சே நம்மை ஏமாற்றும் இடம் ஒன்றுண்டு. அழுக்கான கொட்டகையில் மெலிந்து கிடக்கும் குட்டியைக் கண்டால், "பாவம், இதையாவது மீட்போம்" என்று பணம் கொடுக்கத் தோன்றும். அந்தப் பணத்தால் அங்குள்ள தாய் நாய்க்கு விடுதலை கிடைப்பதில்லை; மேலும் ஓர் ஈற்றுச் சுமையே கிடைக்கிறது. அங்கே வாங்காது வெளியேறி, உரிய அதிகாரிகளுக்குத் தெரிவிப்பதே உண்மையான இரக்கம். மீட்கும் விருப்பம் உடையோர் காப்பகங்களிலிருந்து நாயைப் பெறலாம்.

குட்டி வீடு வந்த பின்னும் நான்கு முதல் ஆறு வாரம் வரை அப்பருவம் எஞ்சியிருக்கும். தடுப்பூசி முடியாத நாட்களில் கையில் ஏந்திச் சென்று தெருவையும் மக்களையும் காட்டலாம். குழந்தைகள் தரையில் அமர்ந்திருக்க, குட்டி தானே அவர்களிடம் வரட்டும். உறங்கும்போதும் உண்ணும்போதும் அதனைத் தொடலாகாது.

இவையெல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும் உரியவை என்று எண்ண வேண்டா. நம் நாட்டிலும் 2017-இல் மத்திய அரசு வகுத்த விதிகள், நாய்களைப் பெருக்குவோர் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றும், எட்டு வாரத்திற்குட்பட்ட குட்டியை விற்கலாகாது என்றும் கூறுகின்றன. லண்டனில் பிறந்த லாப்ரடாருக்கும், இராஜபாளையத்தில் பிறந்த வேட்டை நாய்க்கும், தில்லித் தெருவில் பிறந்த குட்டிக்கும் அந்தச் சில வாரங்கள் ஒன்றே. ஆகவே அடுத்த முறை கடலுக்கப்பாலிருந்து பேரக்குழந்தையின் ஆசை நம் செவிக்கு எட்டும்போது, விலையைப் பின்னர்க் கேட்போம். குட்டியின் தாயைப் பார்த்தீர்களா என்று முதலில் கேட்போம்.