குழந்தைப் படம் இல்லாத டப்பா

மருந்துக்கடை அலமாரியில் உள்ள பால்பவுடர் டப்பாவை எப்பக்கம் திருப்பினாலும் கொழுகொழு குழந்தையின் படம் இருக்காது. தாய்ப்பாலே சிறந்தது என்ற வாசகமே கண்ணில் படும். இது உற்பத்தியாளரின் தன்னடக்கம் அன்று. தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கப்படும் உணவுகளுக்கு விளம்பரத்தையும் இலவச மாதிரிகளையும் தடுத்து, இந்தியா 1992இல் இயற்றி 2003இல் மேலும் இறுக்கிய சட்டத்தின் விளைவு.

இதன் வேர் சிங்கப்பூர் வரை செல்கிறது. அங்கு பணியாற்றிய குழந்தை மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், நீர் வற்றச் சுண்டவைத்துச் சர்க்கரை சேர்த்த டப்பாப்பால் கைக்குழந்தைகளுக்கு உகந்ததென விற்கப்படுவதைக் கண்டு, 1939இல் ரோட்டரி சங்கக் கூட்டத்தில் அதனைக் கொலைக்கு நிகரானதெனக் கண்டித்தார். அக்காலத்திற்கு அது மிகத் துணிச்சலான சொல்.

பவுடரைப் பொறுத்தவரை, ஆபத்து பெரும்பாலும் அது கலக்கப்படும் முறையில் இருக்கிறது: கொதிக்க வைக்காத தண்ணீரும் சரியாகக் கழுவாத ரப்பர் காம்பும் வயிற்றுப்போக்கைத் தர, டப்பா நான்கு நாள் கூடுதலாக வரட்டும் என்று ஒரு கரண்டிக்கு இருமடங்கு நீர் ஊற்றும் வறுமையின் சிக்கனம் குழந்தையை மெலியச் செய்கிறது. 1981இல் உலக சுகாதாரப் பேரவை தாய்ப்பால் மாற்று உணவுகளின் விற்பனைக்கு நெறிமுறை வகுத்தபோது எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு அமெரிக்கா.