பொம்மைக்கு ஊசி போடும் குழந்தை

ஆஸ்பத்திரியில் சேர்க்கப்படும் குழந்தைக்குப் பல நேரங்களில் நோயைவிட அங்கே நடப்பவைதான் பெரிய பயம். அடுத்து யார் வருவார்கள், என்ன செய்வார்கள், எங்கே குத்துவார்கள் என்பது எதுவும் அதன் கையில் இல்லை. மூன்று முதல் ஏழு வயது வரையிலான பிள்ளைகள் இதற்குத் தாங்களே காரணம் கற்பித்துக்கொள்கிறார்கள். சொன்ன பேச்சைக் கேட்காததால்தான் நோய் வந்தது. ஊசி குத்திய ஓட்டை வழியாக ரத்தமெல்லாம் போய்விடும். "சாப்பிடலைன்னா டாக்டர்ட்ட சொல்லி ஊசி போடச் சொல்லிருவேன்" என்று வீட்டில் மிரட்டுவது இந்த எண்ணத்தை இன்னும் கெட்டியாக்குகிறது. அப்படிக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு வைத்தியமே தண்டனையாகத் தெரிவதில் வியப்பில்லை.

மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் காய்ச்சல் முற்றிய குழந்தையை முதலில் பக்கத்து அரசு மருத்துவமனைக்குத்தான் தூக்கிச் செல்வார்கள். அங்கிருந்து அறந்தாங்கி, பிறகு புதுக்கோட்டை, தேவைப்பட்டால் தஞ்சாவூர். ஒவ்வொரு இடத்திலும் புது முகங்கள், மறுபடியும் ஊசி. கடைசி வார்டுக்கு வந்து சேரும்போது பிள்ளை வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலே அலறும்.

இந்த இடத்தில்தான் பாவனை விளையாட்டு உதவுகிறது. ஊசிமுனை இல்லாத சிரிஞ்ச், கொஞ்சம் பஞ்சு, கட்டுத்துணி, ஒரு பொம்மை: இவற்றைக் குழந்தையிடம் கொடுத்தால் பெரும்பாலும் அது டாக்டராகிவிடும். பொம்மைக்கு ஊசி போடும், அதட்டும், பிறகு தட்டிக்கொடுக்கும். இதுவரை எல்லாவற்றையும் தன் உடம்பில் ஏற்றுக்கொண்டிருந்த பிள்ளை இப்போது செய்பவராக மாறுகிறது. பக்கத்தில் இருப்பவருக்கும் இதில் பயன் உண்டு. "நீ அடம் பிடிச்சதுனாலதான் ஊசி" என்று பொம்மையிடம் சொன்னால், அந்தப் பிள்ளையின் மனதில் இருப்பது வெளியே வந்துவிட்டது. அடம் பிடித்ததால் யாருக்கும் நோய் வருவதில்லை என்று பொம்மைக்கே சொல்லிவிடலாம். கடலோரப் பிள்ளைக்குக் கட்டில் நாட்டுப்படகாகும், குளுக்கோஸ் ஸ்டாண்டு பாய்மரமாகும். கதையைக் குழந்தையே நடத்த வேண்டும்; பெரியவர் அதில் ஒரு பாத்திரம் மட்டுமே.

மருத்துவமனையில் குழந்தைக்கு விளையாட்டும் பெற்றோரின் துணையும் தேவை என்பதை மருத்துவ உலகம் ஏற்க வெகுகாலமாயிற்று. இங்கிலாந்தில் பெற்றோர் வார்டுக்கு வரவே கடுமையான கட்டுப்பாடு இருந்த காலத்தில், ஆஸ்பத்திரியில் தனித்து விடப்பட்ட இரண்டு வயதுக் குழந்தையின் தவிப்பை ஜேம்ஸ் ராபர்ட்சன் 1952இல் படமாக எடுத்துக் காட்டினார். அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் எம்மா பிளாங்க் 1955இல் நோயுற்ற குழந்தைகளுக்கான விளையாட்டு, கல்விப் பணியைத் தொடங்கினார். ஸ்வீடன் 1977இல் மருத்துவமனையில் விளையாட்டைச் சட்டப்படியான உரிமையாக்கியது. நம் அரசு மருத்துவமனைகளில் தாயோ பாட்டியோ குழந்தையின் கட்டிலருகிலேயே இருப்பது வழக்கம். இங்கிலாந்தில் போராடிப் பெற்ற பெற்றோர் துணை இங்கே கேட்காமலே கிடைத்திருக்கிறது. அந்தத் தாயின் கையில் ஒரு பொம்மையைக் கொடுத்து, எப்படி விளையாடுவது என்று நர்ஸ் பத்து நிமிடம் காட்டித் தருவதற்குத் தனி அறையோ பெரிய நிதியோ வேண்டியதில்லை.

ஊசி போடும் நேரத்திலும் விளையாட்டு கைகொடுக்கும். சோப்பு நுரைக் குமிழை ஊதச் சொன்னால் மூச்சு நீளமாக வெளியேறும், தசைகள் தளரும், கவனம் குமிழின் பின்னே போகும். கவனத்தைத் திருப்புவதால் ஊசிவலி குறைகிறது என்பதை ஆய்வுகள் பலமுறை காட்டியுள்ளன. ஆனால் "வலிக்கவே வலிக்காது" என்று பொய் சொல்லக் கூடாது. ஒருமுறை ஏமாந்த பிள்ளை அடுத்த முறை எவரையும் நம்பாது. "சுருக்குன்னு இருக்கும், சீக்கிரம் முடிஞ்சிரும்" என்பதே போதும்.

கோமாளிகளும் வார்டுக்கு வந்திருக்கிறார்கள். சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் லிட்டில் தியேட்டர் நாடகக் குழுவின் பயிற்சி பெற்ற கோமாளிகள் படுக்கை படுக்கையாகப் போய்ப் பிள்ளைகளோடு விளையாடியிருக்கிறார்கள். இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் 5 முதல் 12 வயது வரையிலான 40 குழந்தைகளிடம் நடந்து, 2005இல் வெளியான ஆய்வு, அறுவைச் சிகிச்சைக்கு முன் கோமாளிகள் உடனிருந்தால் பதற்றம் குறைகிறது என்று கண்டது. அதே ஆய்வில், தங்கள் வேலை தடைபடுகிறது என்று சொல்லிப் பெரும்பாலான மருத்துவப் பணியாளர்கள் இதைத் தொடர விரும்பவில்லை. அவர்களுடைய குறையையும் கேட்டு நேரத்தை ஒழுங்கு செய்யாவிட்டால் எந்த நல்ல முயற்சியும் வார்டில் நிலைக்காது.

இந்திய அரசு 2021இல் தொடங்கிய முஸ்கான் திட்டம், அரசு மருத்துவமனைகளில் குழந்தைகளுக்கு இணக்கமான சூழல் அமைய வேண்டும் என்கிறது. சுவரில் யானைப் படம் வரைவதோடு அது நின்றுவிடக் கூடாது. பிள்ளையின் கைக்குப் பொருள் வர வேண்டும், அந்தப் பொருள் சுத்தமாகவும் இருக்க வேண்டும். துணிப் பொம்மையில் கிருமி தங்கும் என்பதால் அதைப் பலருக்கும் பொதுவாகத் தரக் கூடாது. கழுவித் துடைக்கக்கூடிய பிளாஸ்டிக் பொம்மையே பொதுவுக்கு ஏற்றது. புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர் போல எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளைக்குத் தனிப் பொம்மை வேண்டும். களைத்துக் கிடக்கும் குழந்தையையும், கோமாளியைக் கண்டு மிரளும் குழந்தையையும் வற்புறுத்தக் கூடாது. வலி மருந்து தேவைப்படும் இடத்தில் அதையும் கொடுத்தே ஆக வேண்டும்.

வீடு திரும்பிய பிறகும் சில வாரங்கள் குழந்தை பொம்மைக்கும் தம்பி தங்கைக்கும் ஊசி போட்டுக்கொண்டிருக்கும். பார்க்கச் சங்கடமாக இருந்தாலும் தடுக்க வேண்டாம். நடந்ததை அது அப்படித்தான் செரித்துக்கொள்கிறது. விளையாட்டில் ஒரே பயங்கரம் மாறாமல் திரும்பத் திரும்ப வந்து, தூக்கமும் கெட்டு, படுக்கையை நனைக்கும், விட்டுப்போன பழக்கமும் மீண்டும் தொடங்கினால் குழந்தை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.