கெஞ்சாமல் வேலை பெறுவது: ஃப்ரீலான்சரும் வாடிக்கையாளர் நம்பிக்கையும்

எந்த நிறுவனத்திலும் மாதச் சம்பளத்துக்குச் சேராமல், பலரிடமிருந்து தனித்தனியே வேலை ஏற்று, முடித்த வேலைக்குக் கட்டணம் பெறுவோரை ஃப்ரீலான்சர்கள் என்பது வழக்கம். மொழிபெயர்ப்பு, வடிவமைப்பு, மென்பொருள், படத்தொகுப்பு எனப் பல துறைகளில் இயங்கும் இவர்களுள் திறமை மிக்கவர்கள்கூட வேலையின்றித் தவிப்பதற்கு, வேலை கேட்கும் முறையும் ஒரு காரணமாக அமைகிறது. ‘எந்த வேலையானாலும் செய்கிறேன், கொடுப்பதைக் கொடுங்கள்’ என்ற தொனியில் எழுதப்படும் கடிதம், எழுதியவருக்குப் பணிவாகத் தோன்றினாலும், படிப்பவரிடம் ஐயத்தையே எழுப்புகிறது.

இந்த ஐயத்தின் வேரைப் பொருளியல் நன்கு விளக்கியுள்ளது. அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், பழைய கார்ச் சந்தையை எடுத்துக்கொண்டு, வண்டியின் குறை விற்பவருக்குத் தெரிந்தும் வாங்குபவருக்குத் தெரியாத நிலையில், நல்ல வண்டிக்கும் உரிய விலை கிடைக்காமல் போவதை நிறுவினார். ஒரு பரிமாற்றத்தில் ஒரு தரப்புக்கு மட்டுமே விவரம் தெரிந்திருக்கும் இந்நிலை ‘தகவல் சமமின்மை’ எனப்படும். வேலையின் தரத்தை முன்கூட்டியே பார்க்க இயலாத வாடிக்கையாளரும் இதே நிலையில் இருப்பதால், கண்ணில் படும் அடையாளங்களைக் கொண்டே அவர் முடிவெடுக்கிறார். மற்றொரு பொருளியலாளரான மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-இல் இதற்கு ஒரு விடை தந்தார்: திறமையுள்ளவருக்கு எளிதாகவும், இல்லாதவருக்கு அரிதாகவும் இருக்கும் ஒன்றே நம்பத்தக்க அடையாளம் என்பதே அவரது ‘சமிக்ஞை’க் கோட்பாட்டின் சாரம். இவ்விருவரும் ஜோசப் ஸ்டிக்லிட்ஸுடன் 2001-ஆம் ஆண்டுக்கான பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

கட்டணத்தைக் குறைப்பதும் திறமையைத் தானே புகழ்ந்துகொள்வதும் எவருக்கும் இயலும் என்பதால், அவை தரத்துக்குச் சான்றாகா. முடித்த வேலையின் மாதிரி, முன்னாள் வாடிக்கையாளர் ஒப்புதலுடன் தந்த பரிந்துரை, ஒரு குறிப்பிட்ட துறையில் தேர்ச்சி ஆகியவையே சான்றாகும். திருப்பூர்ப் பின்னலாடை நிறுவனம் ஒன்றுக்கு எழுதும் மொழிபெயர்ப்பாளர், தம் பட்டங்களை அடுக்குவதைவிட, அந்நிறுவனத்தின் பொருள் விவரப் பட்டியலில் அயல்நாட்டு வாங்குநருக்குப் புரியாத இரண்டு வரிகளைச் சுட்டித் திருத்திக் காட்டி, முழுப் பட்டியலுக்கும் ஆகும் நாள்களையும் கட்டணத்தையும் தெளிவாகச் சொன்னால், பேச்சு அவரது தேவையிலிருந்து வாடிக்கையாளரின் தேவைக்கு மாறிவிடுகிறது. பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டுவது முறை. நாள்தோறும் கேட்பது பதற்றத்தின் அறிகுறி.

யாரிடம் கேட்பது என்பதும் கருதத்தக்கது. சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து நியூட்டன் நகரில் வேலை மாறியவர்களை ஆராய்ந்தபோது, தெரிந்தவர் மூலம் வேலை பெற்றோருள் பெரும்பாலோருக்கு அது எப்போதாவது மட்டுமே சந்திக்கும் அறிமுகங்கள் வழியாக வந்திருந்ததைக் கண்டார். நெருங்கியவர்கள் ஒரே வட்டத்தில் புழங்குவதால் ஒரே செய்தியையே அறிந்திருப்பர். தொலைவில் உள்ளவரோ புதிய செய்தியைக் கொண்டுவருகிறார். எனவே பழைய சகப் பணியாளர், முன்னாள் வாடிக்கையாளர், அதே துறையில் வேறு வேலை செய்வோர் ஆகியோருடன், கையில் வேலை இருக்கும் காலத்திலேயே தொடர்பைப் பேணுவது பயன் தரும்.

எனினும், உள்ளே தவிப்பு இருக்கையில் சொல்லை மட்டும் மாற்றுவது நெடுநாள் உதவாது. தவிப்பின் காரணத்தையே குறைக்க வேண்டும். வருமானத்தின் பெரும்பங்கு ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வராமல் பார்த்துக்கொள்வதும், சில மாதச் செலவுக்கான தொகையைச் சேமித்து வைப்பதும், பொருந்தாத வேலையை மறுக்கும் வலிமையைத் தருகின்றன. கட்டணத்தைக் குறைக்கச் சொன்னால், வேலையின் அளவையும் சேர்த்துக் குறைப்பதே நேர்மையான விடை. முன்பணம், திருத்தங்களின் எண்ணிக்கை, பணம் தரும் நாள் ஆகியவற்றை எழுத்தில் வைத்துக்கொள்வது இரு தரப்புக்கும் காப்பாகும்.

இந்தியாவில் சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்திடம் சேவை பெற்றவர், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாள்களுக்குள் பணம் தந்தாக வேண்டும். தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டியை, மாதந்தோறும் கூட்டு வட்டியாகச் செலுத்த வேண்டும். தனியாள் நடத்தும் தொழிலையும், 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள, அரசின் ‘உத்யம்’ பதிவு இணையதளத்தில் கட்டணமின்றிப் பதிவு செய்யலாம். வேலையை ஏற்கும் முன்பே பதிந்துகொள்வது நல்லது.

பணத்தேவை எவருக்கும் இழுக்கன்று. வாடகையும் பள்ளிக் கட்டணமும் உழைக்கும் எல்லோருக்கும் உண்டு. ஆனால் வாடிக்கையாளர் விலை கொடுப்பது அந்தத் தேவைக்கன்று, வேலைக்கு. ஆகவே இத்தொழிலில் இறங்கும் இளைஞர்கள், அடுத்த விண்ணப்பத்தை அனுப்புமுன், தாம் செய்து முடித்த வேலைகளில் சிறந்த மூன்றைத் தேர்ந்து, அவற்றால் வாடிக்கையாளர் அடைந்த பயனைச் சில வரிகளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.