காயத்திற்கு ஒரு பாவு

குழித்தறியில் இறங்கி மிதியை அழுத்தும் நெசவாளியின் காலும், சேற்றில் நாளெல்லாம் நிற்கும் விவசாயியின் காலும் காயத்திற்குத் தப்புவது அரிது. சாதாரணமாக ஒரு கீறல் நாலைந்து நாளில் ஆறிவிடும். நீரிழிவு கண்டவருக்கோ அதே கீறல் மாதக்கணக்கில் ஆறாத புண்ணாகி, காலையே இழக்கும் நிலைக்குக் கொண்டுபோய் விடக்கூடும். கால் போனால் தறி நிற்கும். தறி நின்றால் அடுப்பும் நிற்கும். ஆகவே, புண்ணாற்றும் புதிய முறை ஒன்றைப் பற்றி நம் அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம்.

மேல்தோல் மட்டும் உரிந்தால் தானே வளர்ந்துவிடும். ஆழத்தோல் அழிந்தாலோ, அதனைத் தாங்கி நின்ற 'கொல்லாஜன்' என்னும் நார்ப்பின்னலும் உடன் அழிகிறது. பாவு அறுந்த தறியில் ஊடையை ஓட்டுவது எங்ஙனம்? தேகம் அவசரத்தில் ஒழுங்கின்றி இழை போட்டு மூடுவதே தழும்பாகிறது. அந்தப் பாவை வெளியிலிருந்து விரித்துத் தருவதே 'திசுச் சாரம்'. உயிரணுக்கள் அதில் குடியேறுகின்றன. புதிய இரத்தக் குழாய்கள் ஊடுருவுகின்றன. தேகம் தன் சொந்த இழைகளை நெய்துகொள்கிறது. சாரம் சிறுகச் சிறுகக் கரைந்து போகிறது. கொடி தன் காலில் நிற்கக் கற்றதும் பந்தல் தானே மறைவது போன்றது இது.

1981-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜான் பர்க் என்ற அறுவை வைத்தியரும், அயோனிஸ் யானஸ் என்ற விஞ்ஞானியும், மாட்டுக் கொல்லாஜனோடு சுறாமீன் குருத்தெலும்பிலிருந்து எடுத்த பொருளைச் சேர்த்துச் செய்த செயற்கைத் தோலைத் தீக்காயப்பட்டோருக்கு இட்டுப் பலன் கண்டதை வெளியிட்டனர்.

நமக்கு அண்டையிலும் இம்முயற்சி நடந்திருக்கிறது. ஆரியங்காவுக் கணவாயைத் தாண்டிச் சென்றால் திருவனந்தபுரம். அங்குள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ ஸ்தாபனம், பன்றியின் பித்தப்பையிலிருந்து உயிரணுக்களை நீக்கி, எஞ்சும் நார்ப்பின்னலைக் கொண்டு 'கோலிடெர்ம்' என்ற சாரத்தை உருவாக்கிற்று. எலி, முயல், நாய் ஆகியவற்றின் தீக்காயங்களும் நீரிழிவுப் புண்களும் இதனால் விரைவாகவும் குறைந்த தழும்புடனும் ஆறின. 2023-ஆம் ஆண்டில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதி கிடைத்தது. இது சந்தைக்கு வந்தால் ரூ. 10,000 ஆகும் சிகிச்சைச் செலவு ரூ. 2,000 ஆகக் குறையக்கூடும் என்று அப்போது மதிப்பிடப்பட்டது.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். இத்தகைய சாரங்கள் பன்றி, மாடு, மீன் என்று பல உயிர்களிலிருந்து எடுக்கப்படுகின்றன. நம் ஊரில் பலருக்கு இது மார்க்கம் சம்பந்தப்பட்ட விஷயம். எதிலிருந்து எடுத்தது, வேறு வகை உண்டா என்று டாக்டரிடம் கேட்பதில் கூச்சம் வேண்டாம்; அது நோயாளியின் உரிமை.

சாரம் மந்திரமன்று. சீழ் பிடித்த புண்ணிலும், இரத்த ஓட்டம் குன்றிய காலிலும் பாவு நிற்காது. சர்க்கரையை அடக்குவதும், புண்ணைச் சுத்தம் செய்வதும், ஏறி மிதிப்பதைத் தவிர்ப்பதும் முதல் வேலை. நீரிழிவுள்ள அங்கத்தினர்கள் தினமும் உள்ளங்காலைப் பார்த்துவர வேண்டும். புண் கண்டால் பச்சிலை வைத்து நாள் கடத்தாமல், அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். ஓர் இழை அறுந்தபோதே முடிபவனுக்குத் துணி மிஞ்சும் என்பதை நெசவாளிக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை.