புள்ளி தொலையாமல் படத்தைத் துலக்குவோம்

'மண் வீடு' என்பதில் ஒரு புள்ளி போனால் 'மண வீடு' ஆகிவிடும். மங்கிய படம் ஒன்றைத் திறன்பேசியில் தெளிவாக்கும் முன் ஆசிரியர்களாகிய நாம் நினைவில் வைக்க வேண்டியது இதைத்தான்.

கரும்பலகைக் குறிப்பு, மாணவர் கையெழுத்து, பழைய சேர்க்கைப் பதிவேட்டின் பக்கம், தொன்மைப் பாதுகாப்பு மன்ற மாணவர்கள் எடுத்து வரும் கல்வெட்டுப் படம் எனப் பள்ளியில் நாள்தோறும் படங்கள் சேர்கின்றன. அவற்றில் பல மங்கலாகவோ இருட்டாகவோ இருக்கும். இன்றைய திறன்பேசிகள் பலவற்றில் அவற்றைச் சரிசெய்யும் வசதி உண்டு. அதன் பின்னால் பெரும்பாலும் ஒரு சிறிய செயற்கை நரம்பணு வலைப்பின்னல் வேலை செய்கிறது. அது எப்படிச் செயல்படுகிறது, எங்கே நம்மை ஏமாற்றும் என்று பார்ப்போம்.

படம் என்பது எண்களின் கட்டம்

சேலம் பகுதியில் நெசவுத் தொழிலுள்ள ஊர்களிலிருந்து வரும் மாணவர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஜக்கார்டு தறியில் பூ வேலைப்பாடு வர வேண்டுமானால், முதலில் கட்டத்தாளில் கட்டம் கட்டமாக நிரப்பி வரைவார்கள். டிஜிட்டல் படமும் அப்படித்தான். ஒவ்வொரு கட்டமும் ஒரு பிக்சல். கறுப்பு வெள்ளைப் படத்தில் 0 என்றால் முழுக் கறுப்பு, 255 என்றால் முழு வெள்ளை.

வெள்ளைத்தாளில் ஒரு சிறு கரும்புள்ளி இருப்பதாகக் கொள்வோம். அந்த வரிசையின் எண்கள்: 250, 250, 40, 250, 250. அந்தப் புள்ளி தூசி என்றால் அதை நீக்க வேண்டும். ஒவ்வொரு பிக்சலுக்கும் பதிலாக, அதனோடு இரு பக்கத்து எண்களையும் சேர்த்துச் சராசரி கண்டு எழுதினால் 250, 180, 180, 180, 250 என்று வரும். புள்ளி போகவில்லை, மங்கிப் பரவிவிட்டது. சராசரிக்குப் பதில் இடைநிலை அளவைப் பயன்படுத்தினால் ஐந்தும் 250 ஆகிவிடும். தூசி போய்விட்டது. ஆனால் அது தூசியாக இல்லாமல் மெய்யெழுத்தின் புள்ளியாக இருந்திருந்தால்? எண்களைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே.

வலைப்பின்னல் செய்வது என்ன?

மேலே சொன்ன முறைகளில் விதியை நாமே வகுத்தோம். நரம்பணு வலைப்பின்னலோ விதியை எடுத்துக்காட்டுகளிலிருந்து கற்கிறது. நல்ல படம் ஒன்றை எடுத்து, வேண்டுமென்றே அதைச் சிறிதாக்கிக் கெடுப்பார்கள். கெட்ட படத்தைக் கொடுத்து நல்ல படத்தைக் கேட்பார்கள். விடை எவ்வளவு விலகுகிறதோ அதற்கேற்ப, பக்கத்துப் பிக்சல்களை எந்த விகிதத்தில் சேர்ப்பது என்னும் 'எடைமதிப்புகள்' சிறிது சிறிதாகத் திருத்தப்படும். இப்படி ஆயிரக்கணக்கான முறை நடக்கும். வாய்பாட்டைத் தவறாகச் சொல்லித் திருத்திக்கொண்டே கற்கும் குழந்தையைப் போல என்று சொல்லலாம்.

2014இல் ஹாங்காங் சீனப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட எஸ்.ஆர்.சி.என்.என். என்னும் வலைப்பின்னல் இதற்கு நல்ல சான்று. அதில் மூன்றே அடுக்குகள். எடைமதிப்புகள் சுமார் 8,000. ஒன்றுக்கு 4 பைட் என்றால் மொத்தம் ஏறத்தாழ 32 கிலோபைட்தான். 2017இல் வந்த ஈ.டி.எஸ்.ஆர். என்னும் பெரிய வலைப்பின்னலில் சுமார் 4.3 கோடி எடைமதிப்புகள். அதற்கு 170 மெகாபைட்டுக்கு மேல் வேண்டும். இருட்டுப் படத்தை வெளிச்சமாக்க 2020இல் வந்த ஜீரோ-டி.சி.இ. சுமார் 79,000 எடைமதிப்புகளோடு முடித்துக்கொண்டது.

எடையைக் குறைப்பது எப்படி?

இதை மாணவர்களே கணக்கிடலாம். ஓர் அடுக்கில் 32 தளங்கள் உள்ளே போய் 32 தளங்கள் வெளியே வருகின்றன; ஒவ்வொன்றிலும் 3 × 3 கட்டம் பார்க்கப்படுகிறது என்றால், தேவையான எடைமதிப்புகள் 32 × 32 × 9 = 9,216. இதையே இரண்டு படிகளாகப் பிரிப்போம். முதலில் ஒவ்வொரு தளத்தையும் தனித்தனியே 3 × 3 கட்டத்தால் பார்ப்பது: 32 × 9 = 288. பிறகு தளங்களை ஒன்றோடொன்று கலப்பது: 32 × 32 = 1,024. கூட்டினால் 1,312. அதாவது ஏழில் ஒரு பங்கு! 2017இல் கூகுள் வெளியிட்ட மொபைல்நெட் இந்த முறையில் அமைந்தது.

எடை குறைவதால் நமக்கு என்ன லாபம்? படம் வெளியே எந்தக் கணினிக்கும் போகாமல் திறன்பேசிக்குள்ளேயே வேலை முடியும். இணையம் விட்டுவிட்டு வரும் ஊர்ப் பள்ளிகளுக்கு இது உதவி. அதைவிட முக்கியம், நம் குழந்தைகளின் முகமும் விவரமும் பிறர் கைக்குப் போகாது.

தெளிவு வேறு, உண்மை வேறு

படத்தில் பதிவாகாத விவரத்தை எந்த வலைப்பின்னலாலும் மீட்க முடியாது. தான் கற்ற படங்களைக் கொண்டு ஊகிக்கவே முடியும். 2020இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் உருவான பல்ஸ் என்னும் முறையில் ஒபாமாவின் மங்கிய படத்தைக் கொடுத்தபோது, தெளிவான முகம்தான் வந்தது. ஆனால் அது ஒரு வெள்ளையரின் முகம். அதற்கும் முன்னால், 2013இல், சில ஜெராக்ஸ் கருவிகள் வருடிய ஆவணங்களில் 6 என்ற எண் 8 ஆக மாறியிருந்தது தெரியவந்தது. அது நரம்பணு வலைப்பின்னல் அன்று. படத்தைச் சுருக்கும் முறையில் நேர்ந்த பிழை. இரண்டும் தரும் பாடம் ஒன்றே: பளிச்சென்று இருப்பதால் மட்டும் ஒன்று சரியாகிவிடாது.

தமிழ் எழுத்தைக் காணாமலே பயின்ற வலைப்பின்னல் நம் புள்ளியைத் தூசி என்று துடைத்துவிடலாம். 'ன'கரத்தையும் 'ண'கரத்தையும் குழப்பலாம். கல்வெட்டில் ஆபத்து இன்னும் கூடுதல். பழைய தமிழ்க் கல்வெட்டுகள் பலவற்றில் புள்ளியே இடுவதில்லை. நாமக்கல் மலையின் குடைவரைக் கோயில்களில் உள்ளவை போன்ற பழைய எழுத்துகளில், பாறையின் வெடிப்பைக் கோடாகவும் கோட்டை வெடிப்பாகவும் கருவி மாற்றிவிட்டால் வாசிப்பே தவறிவிடும்.

நாம் கடைப்பிடிக்க வேண்டியவை

1. முதலில் கண்ணாடிவில்லையைத் துடைத்து, கையை அசைக்காமல் நல்ல வெளிச்சத்தில் எடுப்போம். கல்வெட்டுக்கு ஒளி பக்கவாட்டில் சாய்ந்து விழ வேண்டும். பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து தானாகவே எழும்.

2. மூலப் படத்தை அழிக்கக் கூடாது. தெளிவாக்கியதைத் தனிப் பெயரில் சேமிக்க வேண்டும்.

3. மதிப்பெண், பிறந்த தேதி, பெயர் உள்ள ஆவணங்களில் இந்த வசதியைத் தவிர்ப்போம். படிக்க முடியாவிட்டால் மீண்டும் படமெடுப்பதே சரி.

4. ஆண்டுவிழாப் படம், சுவரொட்டி போன்றவற்றுக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

5. மாணவர் முகம் உள்ள படங்களை, அறியாத இணையதளங்களில் ஏற்றித் தெளிவாக்க வேண்டாம்.

வகுப்பறைச் செயல்பாடு

கட்டத்தாளில் 'ண்' என்ற எழுத்தை மாணவர்கள் 0, 250 என எண்களால் நிரப்பட்டும். பக்கத்திலேயே ஒரு தூசிப் புள்ளியும் வைக்கட்டும். பிறகு ஒரு குழு சராசரியையும் மற்றொரு குழு இடைநிலை அளவையும் கண்டு புதிய கட்டத்தை நிரப்பட்டும். தூசி போனதா, எழுத்தின் புள்ளி தப்பியதா என்று வகுப்பே பேசட்டும். கணக்குப் பாடத்தின் மையப்போக்கு அளவைகளும் தமிழ்ப் பாடத்தின் மெய்யெழுத்தும் ஒரே தாளில் சந்திக்கும். கருவி தரும் படத்தை அப்படியே நம்பாமல் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கமும் அங்கேயே தொடங்கும்.