கர்ப்பிணிகளும் மருந்தும்

கருவுற்ற பெண்கள் மருந்தை நோக்கும் நோக்கில் இருவகை மனநிலைகளைக் காணலாம். எந்த மருந்தும் சிசுவுக்கு நஞ்சு என்னும் அச்சம் ஒன்று. பழகிய மருந்து யாதொரு தீங்கும் செய்யாது என்னும் துணிவு மற்றையது. முரண்பட்டனவாகத் தோன்றும் இவ்விரண்டிற்கும் வேர் ஒன்றே. அஃதாவது, கேட்டறியாது தாமே முடிவு செய்தலாகும்.

அச்சம் காரணமின்றி எழுந்ததன்று. 1957ஆம் ஆண்டில் மேற்கு ஜேர்மனியில் தலிடோமைட் என்னும் உறக்க மருந்து விற்பனைக்கு வந்தது. தீங்கற்றதென விளம்பரஞ் செய்யப்பட்ட அம்மருந்து கர்ப்பகாலக் குமட்டலுக்கும் கொடுக்கப்பட்டது. அதன் விளைவாகப் பல நாடுகளில் ஏறக்குறைய 10,000 குழந்தைகள் கைகால் குறுகியும் வேறு ஊனங்களுடனும் பிறந்தன. 1961இல் ஜேர்மனியில் லென்ஸ், அவுஸ்திரேலியாவில் மக்பிரைட் ஆகிய வைத்தியர்கள் உண்மையைச் சுட்டிக்காட்டினர்; அவ்வாண்டு நவம்பரில் ஜேர்மனியில் அம்மருந்து விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது. தாய் உட்கொள்ளும் மருந்து நச்சுக்கொடியைக் கடந்து சிசுவை அடையக்கூடும் என்பதையும், உறுப்புகள் உருவாகும் முதல் வாரங்களே மிக அபாயமானவை என்பதையும் உலகம் அப்போது தெளிவாக உணர்ந்தது.

ஆயினும், மருந்தே வேண்டாமென்பது இதன் பாடமன்று. 1930ஆம் ஆண்டளவில் பம்பாயில் ஆலைத் தொழிலாளப் பெண்களின் கர்ப்பகாலச் சோகையை ஆராய்ந்த லூசி வில்ஸ் என்னும் ஆங்கில வைத்தியர், மதுவச் சாறு அதனைத் தீர்ப்பதைக் கண்டார். அதில் அடங்கிய சத்தே பின்னர் போலிக் அமிலம் எனப் பெயர்பெற்றது. கருவுறுவதற்கு முன்பிருந்தே அதனை உட்கொண்டால், சிசுவின் முள்ளந்தண்டிலும் மூளையிலும் ஏற்படும் பிறவிக் குறைகள் பெரிதும் தவிர்க்கப்படும் என்பது 1991இல் வெளியான ஆய்வினால் உறுதியாயிற்று.

இலங்கையின் தாய் சேய் நலக் கிளினிக்குகளில் போலிக் அமிலமும், இரும்புச்சத்து, கல்சியம், விற்றமின் சீ மாத்திரைகளும் இலவசமாக வழங்கப்படுகின்றன. ஆனால், வீடு வந்த மாத்திரைகள் யாவும் வாய்க்குச் செல்வதில்லை. குமட்டுகிறது என்றும், மலம் கறுக்கிறது என்றும், குழந்தை பெருத்துப் பிரசவம் கடினமாகும் என்றும் கூறிச் சிலர் அவற்றை ஒதுக்கிவிடுகின்றனர். மலம் கறுப்பது இரும்பின் இயல்பேயன்றி நோயன்று. மாத்திரை குழந்தையைப் பெருக்கச் செய்வதுமில்லை. சோகையே தாய்க்குப் பிரசவத்தில் ஆபத்து விளைவிப்பது. இரும்பு மாத்திரையைத் தேநீருடனோ கல்சியத்துடனோ சேர்த்து உட்கொள்ளாது, வேறு வேளையில் உட்கொள்ளுதல் நன்று.

வலிப்பு, நீரிழிவு, ஆஸ்துமா முதலிய நோயுடைய பெண் கருவுற்றதும் அச்சத்தால் மருந்தைத் திடீரென நிறுத்துதல் பேராபத்தாகும். கட்டுப்படாத நோய் தாயையும் சிசுவையும் ஒருங்கே தாக்கும். வல்புரோயேற் போன்ற சில வலிப்பு மருந்துகள் சிசுவுக்குத் தீங்கு செய்வது மெய்யே. ஆதலால் கருவுற எண்ணும்போதே வைத்தியரிடம் கூறி மருந்தை மாற்றிக்கொள்ளல் வேண்டும். மாற்ற வேண்டியவர் வைத்தியரேயன்றி நோயாளி அல்லர்.

துணிவுடையோர்க்கும் ஒரு சொல் உண்டு. கடையில் எளிதிற் கிடைக்கும் வலி மாத்திரைகளுள் ஐபுபுரோபென் போன்றவை கர்ப்பத்தின் பிற்பகுதியில் சிசுவின் சிறுநீரகத்தையும் இருதயத்தையும் பாதிக்கக்கூடும். வீட்டில் காய்ச்சும் மூலிகைக் கஷாயமும் மருந்தே, அதனையும் மறைத்தலாகாது.

வீடு தேடி வரும் குடும்பநல மருத்துவமாதுவிடம் வினவுதற்குப் பணமும் வேண்டியதில்லை, நாணமும் வேண்டியதில்லை. உட்கொள்ளுமுன் கேட்பதைப் போலவே நிறுத்துமுன்னும் கேட்டல் வேண்டும். மாமியாரும் கணவனும் அக்கேள்விக்குத் துணைநிற்பாராயின், பிறக்கும் குழந்தைக்கு அவர்கள் செய்யும் முதல் உபகாரம் அதுவேயாகும்.