ஒட்டுப் பலகைகள் எல்லாம் ஒன்றல்ல

மகளுக்கு வீடு கட்டும் தகப்பன்மார் நமது பகுதிகளில் இன்றும் முதலில் தேடுவது தேக்கையும் முதிரையையும்தான். விலை கைக்கெட்டாதபோது, "ஒட்டுப் பலகை போடலாமா சேர், எத்தனை வருசம் நிற்கும்?" என்று தொழில்நுட்பம் கற்பிக்கும் என்னிடம் கேட்கிறார்கள். அது எந்தப் பலகை என்பதைப் பொறுத்தே பதில் சொல்லலாம்.

மரத்தைப் பிரித்து, உலர்த்தி, பசையிட்டு அழுத்திச் சேர்ப்பதே பொறியியல் மரம். சிறு துண்டுகளை அழுத்தினால் சிப்போர்ட். நாரை அழுத்தினால் எம்டிஎப். சாதாரண வகைகள் இரண்டுமே நீர் பட்டால் ஊதிவிடும். ஈரம் படும் இடங்களுக்கு அவை ஆகாது. மெல்லிய மரத்தாள்களைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினால் ப்ளைவூட். முழுப் பலகைகளையே அப்படி அடுக்கி ஒட்டினால் சுவராகவும் தளமாகவும் நிற்கும் பாளம் கிடைக்கும்.

நோர்வேயில் 2019 இல் திறக்கப்பட்ட மியோஸ்தோர்னெ கட்டடம் 18 மாடிகளும் 85.4 மீற்றர் உயரமும் கொண்டது. அதன் தூண்களும் உத்தரங்களும் ஒட்டிச் சேர்த்த மரமே. மேல்மாடிகள் காற்றில் அசைவதைக் குறைக்க அங்கு கொங்கிரீட் தளம் இட்டுள்ளார்கள். தீப்பிடித்தால் தடித்த மரத்தின் வெளிப்புறம் கரியாகி, உட்புறம் எரிவதைத் தாமதப்படுத்தும்.

சூழலுக்கு என்ன இலாபம்? சீமெந்து உற்பத்தி பெருமளவு காபனீரொட்சைட்டை வெளியிடுகிறது. மரமோ வளரும்போது உறிஞ்சிய காபனை, வீடு நிற்கும்வரை தன்னுள்ளே வைத்திருக்கும். வெட்டிய இடத்தில் மீண்டும் நட்டால்தான் இந்தக் கணக்குச் சரிவரும்.

நமக்கு அத்தகைய மரம் இறப்பர். கேகாலை, களுத்துறை, இரத்தினபுரித் தோட்டங்களில் பால் வற்றிய மரங்களை ஏறத்தாழ 25 முதல் 30 வருடங்களில் வெட்டி மறுநடுகை செய்வார்கள். ஒரு காலத்தில் விறகாகிய அந்த மரத்தின் சிறு துண்டுகளை, இன்று விரல்களைக் கோர்ப்பதுபோல் பல்லுவெட்டி ஒட்டி நீண்ட பலகையாக்குகிறார்கள். கதவு, மேசை, அலுமாரிக்கு அது நன்கு உதவும். ஆனால் இறப்பர் மரத்தில் மாச்சத்து அதிகம். போரோன் மருந்தூட்டாவிட்டால் பூச்சியும் பூஞ்சணமும் விடாது. மழை படும் வெளிக்கதவுக்கு அது பொருந்தாது.

எனவே கடையில் மூன்றைக் கேளுங்கள்: இது எந்த வகைப் பலகை? மருந்தூட்டியதா? பசையிலிருந்து வெளியேறும் போர்மல்டிஹைட் வாயு குறைந்த 'ஈ1' தரமா? பிள்ளைகள் உறங்கும் அறைக்கு மூன்றாவது கேள்வி மிக முக்கியம். பதில் சொல்லத் தெரியாத கடையில் விலை குறைவென்று வாங்காதீர்கள். பல வருடச் சேமிப்பு அந்தப் பலகையில்தான் போகிறது.